கொக்கைப் பிரிக்க மாட்டேன்

பழந்துணி பேல் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் மூக்கு சாகும், அப்புறம் பொறுமை சாகும், கடைசியில் வாய் மட்டும்தான் மிஞ்சும்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. செருப்புக் கடையோ மருந்துக் கடையோ, எல்லாம் ஒன்றுதான். வாங்கக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்து, மடித்து வைத்ததை எல்லாம் கலைத்துப் போட்டு, "சும்மா பாக்கத்தான்" என்று போகிறவர்களை உங்களுக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்டு ஆறுதல் சொல்ல வராதீர்கள், எனக்குப் பிடிக்காது. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போனால் கண்ணாடி அதிரும் மார்க்கெட்டில், காதர் பாய் கடையில் நிற்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் பழைய துணிதான் சரக்கு. வீட்டில் எல்லோரும் சொல்வது, நான் எதிலும் நிலைத்து நிற்க மாட்டேன் என்று. கவுண்டரில் நிற்கிறேனே, அது என்னவாம்?

பேலுக்குள் கொக்கு

பேல் என்றால் பட்டை போட்டு இறுக்கிய மூட்டை. அறுக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று பாய்க்கும் தெரியாது. குளிர் கோட்டு வந்தால் முகம் சுருங்கும், சின்னப் பிள்ளை உடுப்பு வந்தால் எல்லோருக்கும் டீ வரும். அன்றைக்கு அறுத்த பேல்களில் வந்தது தொப்பியும் சட்டையும். எல்லாம் ஒரே பேஸ்பால் அணியுடையது. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நம்மை முறைத்தது.

பேஸ்பால் இங்கே யாருக்குத் தெரியும்? ஊர் முழுக்க தலையில் இருப்பது ஓர் அமெரிக்க அணியின் எழுத்து. அது அணி என்றுகூடப் போடுகிறவர்களுக்குத் தெரியாது, ஏதோ கம்பெனி மார்க்கு என்று நினைக்கிறார்கள். பாய் யோசிக்கவே இல்லை. கொக்கைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த எழுத்தைத் தைத்துவிடு என்றார். பின்கட்டில் தையல் பிரிக்கிற மா தண்டா பிளேடைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு ஏனோ சுருக்கென்றது. அது நல்ல தையல். யாரோ முறைப்பு வரவேண்டும் என்றே கண்ணுக்குத் தனி நூல் கொடுத்துத் தைத்திருக்கிறார்கள். "பிரிக்க வேணாம் பாய். அப்படியே வித்துத் தரேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் முன்னாலும் யோசனை பின்னாலும்தான் வரும்.

பாய் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மழைக்காலம் விடுறதுக்குள்ள வித்து முடி. முடியலையா, கவுண்டர விட்டு எறங்கி பின்னாடி போய் உக்காந்து, நீயே எல்லாத்தையும் பிரி."

யாருடைய கொக்கு

என்ன விற்கிறோம் என்று தெரியாமல் விற்க எனக்கு வராது. எங்கள் மாடிவீட்டு பாலா அண்ணன் ஜப்பான் வேலைக்குப் போவதற்காக ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த ஊரில் என் வயசில் வகுப்புக்குப் போகாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். தொப்பியின் உள்பட்டையில் இருந்ததை அவர் வாசித்தார், மீதியை இரண்டு பேரும் போனில் தேடினோம். கரண்ட் வரும், லைன் போகும், லைன் வரும், கரண்ட் போகும். அப்படியே துண்டு துண்டாகத்தான் அந்த அணியின் சரித்திரம் எனக்குக் கிடைத்தது.

பேர் ஷிராசாகி. வெள்ளைக் கொக்கு என்று அர்த்தம். ஒரு துறைமுக ஊரில் ரயில் கம்பெனி ஒன்று ஆரம்பித்த அணி. மைதானம் தாழ்வான இடம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், கொக்குகள் இறங்கிவிடும். அவற்றை யாரும் விரட்ட மாட்டார்களாம். அதுவாகப் பறந்து போகும்வரை இரண்டு பக்க ஆட்டக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களாம், கூட்டமும் சத்தம் போடாதாம். பிறகு ரயில் கம்பெனி அணியை ஒரு மீன் டப்பாக் கம்பெனிக்கு விற்றது. கொக்குக்கு முன்னால் ரயில் பேர் போய் மீன் பேர் வந்தது. மீன் கம்பெனி நொடித்ததும் வட்டிக்குப் பணம் கொடுக்கிற கம்பெனி ஒன்று வாங்கியது. அது அணியையே தூக்கிக்கொண்டு வடக்கே பெரிய ஊருக்குப் போய்விட்டது. அங்கே கூரை போட்ட மைதானம். கொக்கு எப்படி வரும்? கொக்கு வேஷம் போட்ட ஆளை ஆடவிட்டார்கள். பழுப்புத் தொப்பி நீலமானது. முறைத்த கொக்கு சிரிக்க ஆரம்பித்தது.

எங்கள் பேலில் பழைய பழுப்பும் இருந்தது, புது நீலமும் இருந்தது. நான் பழுப்புக் கட்சி. ரயில்வே ஆரம்பித்தது என்று கேட்டதுமே எனக்குச் சொந்தம் வந்துவிட்டது, எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் ரயில்வே வேலைக்கென்று கப்பலேறி வந்ததுதான். பேர் மாறியதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பர்மாப் பேரில் நான் மா தீரி, வீட்டில் செல்வி, பாய்க்கு "ஏ பொண்ணு". மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறவள் ஒருத்திதான்.

இதை எல்லாம் மூச்சுவிடாமல், என்னை ஞீமா, தங்கச்சி என்று கூப்பிடுகிற மா தண்டாவிடம் சொன்னேன். அவள் ஒரு கோட்டின் பொத்தானைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஒன்றுதான் கேட்டாள்: "முதலாளி இத்தன தடவ மாறியிருக்காங்களே ஞீமா, கொக்குக்கு ஒரு தடவயாவது சம்பளம் கூடிச்சா?"

போணி

எங்கள் மார்க்கெட்டில் முதல் ஆள் வெறுங்கையோடு போகக் கூடாது. முதல் நோட்டு கைக்கு வந்ததும் அதைச் சரக்கின் மேல் எல்லாம் தட்டுவோம். பர்மாக்காரர் கடை, தமிழர் கடை, சீனர் கடை எல்லாவற்றிலும் இது உண்டு. முதல் ஆள் போய்விட்டால் பாய் அன்றைக்கு முழுக்க என் நிழலைக்கூடத் திட்டுவார்.

அப்படி ஒரு காலையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிற ஊ டின் வந்து நின்றார். தாகேதா பாலத்தடியில் வண்டி போடுகிறவர். அந்த அமெரிக்க எழுத்துத் தொப்பி கேட்டார். இல்லை என்றேன். பழுப்புத் தொப்பியைக் காட்டி, "இதுவும் அதே ஆளுங்கதானே" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போணி முடிந்திருக்கும். பின்னாலிருந்து பாய் கண்ணாலேயே கெஞ்சினார். "இல்ல. அவங்க வேற, இவங்க வேற. இவங்க நிறையத் தோத்தாங்க. வருஷக்கணக்கா கடைசி. அப்படியும் அந்த ஊர்ல யாரும் கட்சி மாறல" என்று ரயில் கம்பெனியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஊ டின் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். கொக்கும் அவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். நோட்டை நீட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப இதையே குடு. ஜெயிச்சவன் தொப்பியப் போட்டுக்கிட்டு சைக்கா மிதிச்சா, ஏறுறவன் சிரிப்பான்."

போனில் இல்லாத அணி

விஷயம் தெரிந்தவர்களை விட, விஷயம் தெரிந்த மாதிரி வருகிறவர்கள்தான் கடைக்காரனைக் கொல்வார்கள். அப்படி வந்தவன் என் வயசுப் பையன், வாசம் வீசும் தலை, என் ஒரு வருஷச் சம்பளத்தைக் கையில் போனாக வைத்திருக்கிறான். எல்லாம் போலி என்றான். உள்பட்டையைத் திருப்பிக் காட்டினேன், ஜப்பான் எழுத்தைக் காட்டினேன், வேர்வைக் கறையைக் காட்டினேன். போலித் தொப்பிக்கு யாராவது இருபது வருஷ வேர்வையைச் சேர்த்து விற்பார்களா? அவன் அசையவில்லை. பேஸ்பால் விளையாட்டு ஒன்று போனில் வைத்திருக்கிறானாம், அதில் ஜப்பான் அணிகள் எல்லாம் உண்டாம், நீலக் கொக்கு இருக்கிறதாம், பழுப்புக் கொக்கு இல்லையாம்.

நீலம் வருவதற்கு முன்னால் பழுப்பு என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அதாவது, எனக்கு இருக்கிற பொறுமையில். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் ஏறிவிட்டது. மூன்றாவது தடவை, வாங்க வேண்டாம், போ என்றேன். அவன் போகவில்லை, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்: "கேம்லயே இல்லாத டீம் எப்படிக்கா நெசமா இருந்திருக்கும்?"

கடல் தாண்டிய நீலம்

பாலா அண்ணனுக்கு ஜப்பான் வேலை கிடைத்துவிட்டது. எங்கே என்கிறீர்கள், அந்தத் துறைமுக ஊருக்குப் பக்கத்திலேயே, மீன் வெட்டுகிற ஆலையில். கிளம்புவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். பழுப்பை எடுத்துக் கொடுத்தேன். அங்கே போகிறவர் இதைத்தான் போட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவருக்கு நீலம்தான் முகத்துக்கு எடுப்பாக இருந்ததாம். சிரிக்கிற கொக்கு மங்களகரமாக இருக்கிறதாம். சரித்திரத்தை எனக்கு வாசித்துச் சொன்ன ஆளே அவர்தான். கண்ணாடி முன்னால் நின்றதும் எல்லாம் மறந்து போச்சு.

போன கொஞ்ச நாளில் குரல் செய்தி வந்தது. முதல் நாள் வேலைக்கு அந்தத் தொப்பியோடு போயிருக்கிறார். ஆலையில் ஃபோர்மேன் ஒரு வயசானவர். இவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாராம். கிட்டே வந்து, திட்டாமல், மரியாதையாக இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றி, மடித்து, இவர் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாராம். பிறகு தன் துண்டை எடுத்து இவர் தலையில் கட்டிவிட்டாராம். அன்றைக்கு முழுக்க யாரும் இவரிடம் பேசவில்லை. மறுநாள் இவர் தெரிந்த ஜப்பான் மொழியில் பழுப்புக் கொக்கைப் பற்றி இரண்டு வரி சொன்ன பிறகுதான், ஃபோர்மேன் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை வெட்டி இவர் சோற்றில் வைத்தாராம்.

கேட்டு முடித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அங்கே இன்னும் ஒருத்தர் கோபமாக இருக்கிறார் பாருங்கள், அது போதும். செய்தியின் கடைசியில் பாலா அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நீ சொன்னத நான் கேட்டிருக்கணும் செல்வி. ஆனா அத எங்கம்மாகிட்ட சொல்லிடாத."

கால் முளைத்த எழுத்து

மழைக்காலம் பாதி தாண்டியது. தொப்பி ஓரளவு போயிருந்தது, சட்டைகள் அப்படியே கிடந்தன. எனக்குத் தெரியாமல் பாய் ஒரு சாக்கு நிறையத் தொப்பியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். மா தண்டா பிரித்தாள், எழுத்தைத் தைத்தாள். சாக்கு த்வாண்டே என்கிற ஊருக்குப் போனது. அங்கே பானைக் கடைகளுக்கு நடுவில் துணிக் கடை வைத்திருக்கிற டோ சேன் என்கிற அம்மா எங்களிடம் மொத்தமாக எடுக்கிறவர். தெரிந்ததும் நான் கோபத்தில் மா தண்டாவோடு சேர்ந்து சாப்பிடாமல் இருந்தேன். அவள் என் டப்பாவில் குழம்பை ஊற்றிவிட்டு, "பாய் சொன்னார், நான் செஞ்சேன். மொறைக்கறதுன்னா அங்க போய் மொறை" என்றாள். அதுவும் சரிதான். போய் முறைத்தேன். பாய் பேப்பரைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிரிக்கிற வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். நூலைத்தான் எடுக்கலாம், நிழலை எடுக்க முடியாது. வருஷக்கணக்கில் வெயில் பட்டதில் துணி வெளுத்துப்போய், கொக்கு இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் கருப்பாக நிற்கும். சுற்றி ஊசி ஓட்டை வேறு. புது எழுத்து கொக்கின் உடம்பைத்தான் மறைத்தது. மேலே அலகு நீட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒற்றைக் கால்.

டோ சேன் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்துவிட்டார். கடை நடுவில் கொட்டினார். ஒரு தொப்பியை எடுத்து பாயின் மூக்குக்கு நேரே பிடித்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை அவர், குரல்கூட உயரவில்லை: "எழுத்துக்குக் கால் மொளச்சிருக்கு பாய். எங்க ஊர்ப் பிள்ளைங்க இத சைத்தான் தொப்பின்னு சொல்லுதுங்க."

மழை விட்டது

மழை விட்டுவிட்டது. சட்டைகளில் ஒரு குவியல் மிச்சம். விற்றுவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லலாம், சொல்லப்போவதில்லை. பேசின பேச்சுப்படி நான் தோற்றுவிட்டேன். அன்று சாயங்காலம் கடையில் ஒரே ஒரு ஆள், ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிற அக்கா, மகனுக்குச் சட்டை பார்க்க வந்திருந்தார். நான் கொக்குக் கதையை, மீன் டப்பாவைத் தாண்டி வடக்கே போகிற இடம் வரை சொல்லியிருந்தேன். அப்போது பாய் வந்து ஒரு பிளேடைக் கவுண்டரில் வைத்தார். பின்கட்டைப் பார்த்தார்.

இறங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். வேலையை விட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பிளேடை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். "நான் தோத்தது நெசம் பாய். பின்னாடி போகச் சொன்னா போறேன், பொத்தான் பிரிக்கிறேன், ஜிப்பு மாத்துறேன். கொக்கப் பிரிக்க மாட்டேன்."

"பேச்சு பேச்சா இருக்கணும்ல" என்றார் பாய்.

"ரயில்காரன் வாங்கினான், மீன்காரன் வாங்கினான், வட்டிக்காரன் வாங்கினான். பேர மாத்தினாங்க, ஊர மாத்தினாங்க, கலர மாத்தினாங்க. கொக்க எடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரல. நீங்க நாலாவது முதலாளி. ஒரு தடவ எடுத்துப் பாத்தீங்க, த்வாண்டேலேருந்து திரும்பி வந்துட்டுது. இன்னும் வேணும்னா வேற ஆளப் பாருங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

பின்கட்டில் மா தண்டாவின் தையல் மெஷின் நின்றுபோனது. பாய் முகத்தில் என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் மொஹிங்கா அக்கா, சட்டையைக் கையில் பிடித்தபடியே, எங்கள் இரண்டு பேர் சண்டையும் தன் விஷயமே இல்லை என்பது மாதிரிக் கேட்டார்: "அது இருக்கட்டும். வடக்கால போயிட்டாங்க. அந்தப் பழைய ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க, அதச் சொல்லு."

பாய் பெருமூச்சு விட்டார். "சொல்லித் தொலை. சுருக்கமா சொல்லு, கரண்ட் போறதுக்குள்ள பில்லு போடணும்."

சுருக்கமாகவே சொன்னேன். ஆட்டம் தொடங்குகிற பருவத்தின் முதல் நாள், அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் பழுப்புத் தொப்பியோடு காலி மைதானத்துக்குப் போகிறார்கள். கொக்கு இறங்கியிருந்தால், அது பறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவ்வளவுதான். அக்கா கொஞ்ச நேரம் சட்டையிலிருந்த கொக்கைப் பார்த்தார். "அப்ப டீம் எங்கயும் போகலையே. முதலாளிதான் போயிருக்கான்" என்று சொல்லி, மகனுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக எடுத்துக்கொண்டு போனார்.

பிளேடு கவுண்டரிலேயே கிடந்தது. நான் இறங்கவில்லை, பாயும் இறங்கச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்ததும், மிச்சச் சட்டைகளை வாசலில் தன் கையாலேயே மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "ஏ பொண்ணு, அந்த மீன் டப்பாக் கதைய மட்டும் விட்டுரு. அந்த எடத்துலதான் ஆளுங்க நழுவிப் போயிடறாங்க."

சரித்திரப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கு என்ன என்று எந்த வாடிக்கையாளரும் கேட்காதவரை, இந்த உத்தியோகத்தில் நான் நிலைத்து நிற்பேன் என்றுதான் தோன்றுகிறது.